காலடியில் ஈரம், கண்ணாடியில் புகார்

பனிக்கால ரயர் பற்றிச் சென்ற முறை எழுதியபோது, அடுத்தது பற்றறி என்று சொல்லியிருந்தோம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இடையில் எங்கள் சொந்த வானே குறுக்கே வந்து நின்றுவிட்டது. பற்றறி காத்திருக்கட்டும். இம்முறை ஹீற்றர் கோர் என்னும் சாமானைப் பற்றிக் கதைப்போம்.

ஊரில் இந்தப் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைபட்டிருந்த காலத்தில் எங்கள் அப்பாமாரும் பெரியப்பாமாரும் பழைய ஏ40, மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். துளிப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கக் கக்கச் சாவகச்சேரி வரை போய் வந்தவர்கள். அவர்களிடம் போய், காருக்குள் இருப்பவர்களைச் சூடாக்க ஒரு கருவி இருக்கிறது என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். மத்தியான வெயிலில் நின்ற காரின் சீற்றில் குந்தியவனுக்கு வேறு என்ன சூடு வேண்டும்! இங்கேயோ ஒன்ராறியோவின் தை மாசியில் அந்தக் கருவி இல்லாமல் ஒரு நாள்கூட ஓட முடியாது. குளிருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கண் தெரிவதற்காகவும் சொல்கிறோம்.

முதலில் சாமானை விளங்கிக்கொள்வோம். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ற் என்னும் திரவம் ஏறக்குறைய 90 பாகை சூட்டுக்கு வரும். அந்தச் சூட்டை வெளியே கொட்டத்தான் முன்னால் பெரிய றேடியேற்றர் இருக்கிறது. அதே திரவத்தில் ஒரு பங்கை இரண்டு றப்பர் ஹோஸ்களால், எஞ்சினுக்கும் எங்கள் காலுக்கும் நடுவே உள்ள தகரச் சுவரைத் தாண்டி, டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி றேடியேற்றருக்குள் விடுகிறார்கள். ஏறத்தாழ ஒரு கொப்பியின் அளவு. விசிறி அதன் ஊடாகக் காற்றைத் தள்ள, அந்தக் காற்று சூடாகி எங்கள் காலுக்கும் முன்கண்ணாடிக்கும் வருகிறது. அந்தக் குட்டிதான் ஹீற்றர் கோர். அதன் அலுமினியக் குழாய்கள் மெல்லியவை. கூலன்ற்றுக்குள் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். அந்த மருந்துக்கு ஆயுள் உண்டு. காலத்துக்கு மாற்றாமல் விட்டால் மருந்து செத்து, திரவமே குழாயை உள்ளிருந்து தின்னத் தொடங்கும்.

எங்களுடையது 2006ஆம் ஆண்டு டொட்ஜ் கரவான், 3.3 லீற்றர் எஞ்சின். 2023 ஐப்பசியில் நாங்கள் நால்வர் ஆளுக்கு 600 டொலர் போட்டு வாங்கினோம். நால்வரும் பிக்கரிங்கில் ஒரே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. எங்களில் மூத்தவரை எல்லோரும் மாமா என்றே கூப்பிடுவோம். அவர் வவுனியாவில் லொறி ஓட்டியவர். மற்ற மூவரும் ஓ.எல்.லோடு படிப்பை விட்டவர்கள். இரவில் வேலைக்குப் போகும் அந்த வான்தான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் ஏற்றிப் போகும்.

2024 மார்கழியில் வானுக்குள் ஒரு மணம் தொடங்கியது. இனிப்பான மணம். மாமா முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆரடா இது, வானுக்குள்ள பாணி காய்ச்சிறது?" என்றார். நாங்கள் சிரித்தோம். ஒருவருடைய சாப்பாட்டுப் பெட்டியைச் சந்தேகப்பட்டோம். கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டையைக் கழற்றி எறிந்தோம். மணம் போகவில்லை. அடுத்த கிழமை முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் பூசியதுபோல ஒரு படலம் வந்தது. துடைத்தால் இழுபட்டுக் கோடு கோடாக நிற்கும். எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் அதில் பட்டுப் பூவாய் விரியும். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தோம்: கண்ணாடி கழுவும் திரவம் மலிவானது. பிறகு சாரதியின் காலடி விரிப்பு ஈரமாகத் தொடங்கியது. சப்பாத்தில் ஒட்டி வந்த சினோ உருகியது என்றோம். எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள கூலன்ற் போத்தலில் அளவு இறங்கியது. பழைய வான் என்றால் குடிக்கத்தானே செய்யும் என்று இரண்டு தடவை குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடினோம். நான்கு அடையாளங்களும் எங்கள் முன்னால் இருந்தன. நான்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

2025 தையில் ஒரு விடியற்காலை. வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. வேலை முடிந்து 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஸ்காபரோ நோக்கி வந்துகொண்டிருந்தோம். போட் யூனியன் வெளிவழியைத் தாண்டும்போது கண்ணாடியின் ஓரங்களில் புகார் பிடித்தது. எல்லோரும் செய்வதையே சாரதியாக இருந்தவரும் செய்தார்: காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, விசிறியை உச்சத்தில் வைத்தார். இரண்டு மூச்சு விடுவதற்குள் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. பால் ஊற்றியதுபோல. 100 கிலோமீற்றர் வேகம். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்னால் ஒரு பெரிய லொறி ஹோண் அடிக்கிறது. சாரதி பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்ட, பக்கத்தில் இருந்தவர் தன் தொப்பியால் உள்கண்ணாடியைத் துடைக்க, ஒரு மாதிரியாக ஓரத்துக்கு வந்து நின்றோம். வான் நின்ற பிறகும் கன நேரம் ஒருவரும் பேசவில்லை. பின் சீற்றில் இருந்த எங்கள் சின்னத் தம்பி, "நாளைக்குச் சனிக்கிழமை" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் விளங்கியது.

புகார் பிடிக்கிற எல்லா வண்டிக்கும் ஹீற்றர் கோர் பழுது என்று ஓடிவிடக் கூடாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது எங்கள் மூச்சைத்தான். ஐந்து பேர் நனைந்த ஜக்கற்றுகளுடன் ஏறினால் எந்தக் கண்ணாடிக்கும் புகார் பிடிக்கும். உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. காருக்குள் அம்புக்குறி வளைந்து போகிற படம் போட்டிருக்கும். புதிதாக வந்தவர்கள் பலர் சூடு வெளியே போய்விடும் என்று அதை அமர்த்தியபடியே ஓடுகிறார்கள். அதை நிறுத்தி, வெளிக்காற்றை எடுத்து, ஏ.சி.யையும் போட்டுப் பாருங்கள். மாரியில் ஏ.சி.யா என்று கேட்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுக்கும். மூச்சால் வந்த புகார் என்றால் கொஞ்ச நேரத்தில் விலகும். கோர் ஒழுகினால் நேர் எதிராக நடக்கும்: விசிறியைக் கூட்டக் கூட்டப் புகாரும் கூடும். சூடான திரவத்தின் ஆவியை நீங்களே கண்ணாடியில் ஊதுகிறீர்கள் அல்லவா? எங்களுக்கு அன்று நடந்தது அதுதான்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு வெள்ளைக் கடதாசித் துவாய் போதும். காலடி ஈரத்தில் அழுத்தி எடுத்து விரலால் உரசிப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் கையில் ஒன்றும் தங்காது. கூலன்ற் வழுவழுக்கும், நிறம் தெரியும், இனிப்பாய் மணக்கும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். எதிலீன் கிளைக்கோல் என்னும் அந்தச் சாமான் இனிக்கும், ஆனால் நஞ்சு. சிறுநீரகத்தை அழித்துவிடும். தவழ்கிற பிள்ளை அந்த விரிப்பில் கை வைத்து வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று பார்த்திருக்காமல் 911ஐ அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். கோடையில் மட்டும், அதுவும் தெளிந்த தண்ணீராக வந்தால், அது பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைபட்டதாக இருக்கும். மழை பெய்தால் மட்டும் நனைந்தால் கூரையையோ கண்ணாடி விளிம்பையோ பாருங்கள்.

சந்தேகம் தீர்க்கும் சோதனை அழுத்தச் சோதனை. றேடியேற்றர் தொப்பிக்குப் பதிலாகப் பூட்டி, கையால் பம்ப் அடிக்கிற ஒரு கருவி. சில உதிரிப்பாகக் கடைகள் வைப்புப் பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொப்பியில் கை வைக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் கொதித்து முகத்தில் அடிக்கும். தொப்பியில் எழுதிய அழுத்தத்துக்கு மேலே போகக் கூடாது. நாங்கள் 15 பி.எஸ்.ஐ. வரை அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். பத்து நிமிடத்தில் முள் 11க்கு இறங்கியிருந்தது. வானுக்குக் கீழே நிலம் காய்ந்து கிடந்தது. உள்ளே விரிப்பில் சொட்டுச் சத்தம் கேட்டது. பிறகு கோருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் நோகாமல் நெரிக்கும் குறட்டால் அடைத்துவிட்டு மறுபடி அடித்தோம். முள் அசையவில்லை. அதோடு வழக்கு முடிந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இன வான்களில் சிலவற்றுக்குப் பின்னாலும் ஒரு ஹீற்றர் உண்டு. அதற்குப் போகும் உலோகக் குழாய்கள் வானின் அடியால் ஓடுகின்றன. தெருவில் போடும் உப்பு அவற்றைத் தின்றுவிடும். போத்தலில் அளவு இறங்குகிறது, உள்ளே ஈரமில்லை என்றால் முதலில் அங்கே ரோச் அடித்துப் பாருங்கள். எங்கள் வானில் பின் ஹீற்றர் இல்லை.

கராஜ்களுக்குப் போன் எடுத்தோம். ஒரு கராஜ்காரர் முழு டாஷ்போட்டும் கழற்ற வேண்டும், 1,600 டொலரும் வரியும் என்றார். இரண்டாவது ஆள், "ஹோஸ் ரண்டையும் ஒண்டாய் இணைச்சுவிடுறன், நாப்பது டொலர் தாங்கோ" என்றார். மூன்றாவது ஆள் போத்தலில் வரும் ஒழுக்கு அடைக்கும் மருந்தை ஊற்றச் சொன்னார். இந்த இரண்டு மலிவு வழிகளிலும் எம்மவர்கள் கனபேர் விழுகிறார்கள். ஹோஸ்களை இணைத்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, ஒழுக்கும் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் வானுக்குள் சூடு இல்லை. கண்ணாடியைச் சூடாக்கவும் வழியில்லை. கோடையில் காசு சேரும் வரை இரண்டு கிழமை ஓடலாம். தையில் அப்படி ஓடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது. எங்கள் தொழிற்சாலையிலேயே ஒருவர் ஒரு மாரி முழுவதும் அப்படி ஓடினார். மடியில் ஒரு துவாய், திறந்த யன்னல், இரண்டு கையுறை. அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்த எங்களுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அடைக்கும் மருந்தோ ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. கோரின் நல்ல குழாய்களையும் அடைத்துவிடலாம்.

இந்த இடத்தில் சட்டம் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒன்ராறியோவில் கராஜ்காரர் வேலை தொடங்க முன்னர் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். நீங்கள் சம்மதிக்காமல், எழுதிய தொகைக்கு மேல் நூற்றுக்குப் பத்துக்கு அதிகமாக வாங்க முடியாது. போட்ட சாமானுக்கும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் செய்தால் 13 வீத வரி மிச்சம் என்று கண்ணைச் சிமிட்டுகிறவரிடம் போனால், இந்த உரிமைகளைக் கேட்க உங்கள் கையில் ஒரு துண்டும் இருக்காது.

கதைக்குத் திரும்புவோம். வாசகர்களுக்கு ஒரு விடயத்தை இதுவரை சொல்லவில்லை. அந்த வானை விற்பதற்கு நாங்கள் ஏற்கெனவே வாய் கொடுத்திருந்தோம். எங்களில் ஒருவர் வேறு வேலைக்கு மாறுகிறார், மாமா தனக்கென்று ஒரு கார் பார்க்கிறார். வாங்க இருந்தது ஊரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஒரு குடும்பம். இரண்டு பிள்ளைகள், மூத்தது எங்கள் தமிழ் வகுப்பில்தான் படிக்கிறது. 2,200 டொலர் பேசி, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. நெடுஞ்சாலையில் கண்ணாடி வெள்ளையானது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை இரவு எங்கள் நிலக்கீழ் வீட்டில் வாக்குவாதம். ஒருவர் சொன்னார்: "விரிப்பைக் காயவைச்சு, கண்ணாடியைத் துடைச்சு நிப்பாட்டுவம். எங்களுக்கும் அப்பிடித்தானே ஒருத்தன் வித்தவன்?" அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். ஊரில் தங்கச்சியின் கலியாணத்துக்குக் காசு அனுப்ப வேண்டியவர். இன்னொருவர், சேஃப்ரி சான்றிதழ் எடுத்துக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்றார். அந்தச் சான்றிதழ் சோதித்த நாளில் வண்டி இருந்த நிலையைத்தான் சொல்லும். 36 நாளுக்குத்தான் செல்லும். உத்தரவாதச் சீட்டு அல்ல. விற்கிறவர் கொடுக்க வேண்டிய வாகனத் தகவல் பொதியில் வண்டியின் பழைய சொந்தக்காரர்களும் கடனும் இருக்கும், காலடி ஈரம் இருக்காது. கன நேரம் பேசாமல் இருந்த மாமா, "தம்பி, அந்தப் பெடியன் உங்கட வகுப்பில எந்த வாங்கில இருக்கிறவன்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், இரண்டு கிழமை பொறுங்கள், வானில் ஒரு பழுது இருக்கிறது என்று அந்த இரவே போன் எடுத்துச் சொன்னோம்.

முழு டாஷ்போட்டும் கழற்ற வேண்டும் என்ற கதை எங்களுக்கு இடித்தது. பல கார்களில் அது உண்மைதான். ஒரு நாள் முழுக்கப் போகும். ஆனால் வண்டிக்கு வண்டி மாறும். பொது நூலகத்தில் திருத்தல் கைநூலைப் புரட்டியபோது, இந்தத் தலைமுறைக் கரவானில் கோரைச் சாரதியின் காலடிப் பக்கத்தால், பெடல்களுக்கு நடுவால் உருவி எடுக்கலாம் என்று இருந்தது. ஆகவே வாசகர்களே, விலை கேட்க முன்னர் உங்கள் வண்டியில் அது எப்படிக் கழருகிறது என்று கேளுங்கள். 1,600 சொன்னவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. வின்சர் நகரில் 1983 முதல் செய்து குவித்த வான் இனம் இது. டொட்ஜ் பெயரில் வந்த கரவான் 2020இல் நின்றுபோனாலும் சாமானுக்குப் பஞ்சமில்லை. புதிய கோர் 90 டொலருக்குள் கிடைத்தது.

வேலையைச் சொல்கிறோம். ஆனால் இது பிறேக் பெடலோடு விளையாடுகிற வேலை. கை பழகாதவர்கள் வாசித்து விளங்கிக்கொண்டு, கழற்றுவதை அனுமதிப்பத்திரம் உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். எங்களுக்கு மாமா இருந்தார். அவரும் கடைசியில் இன்னொருவரைக் கொண்டு பரிசோதிக்க வைத்துத்தான் வானைத் தெருவில் இறக்கினார்.

எஞ்சினை இரவு முழுவதும் ஆறவிட்டோம். பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, இரண்டு நிமிடம் பொறுத்தோம். ஸ்ரேறிங்குக்குள் எயர்பாக் இருக்கிறது. அதிலுள்ள மின்சாரம் வடிய வேண்டும். றேடியேற்றரின் அடி முடியைத் திறந்து ஒரு தாழியில் திரவத்தைப் பிடித்தோம். பிறகு ஸ்ரேறிங்கின் கீழ் மூடியையும் அதன் பின்னால் முழங்காலுக்கு நேரே இருக்கும் தகட்டையும் கழற்றினோம். அடுத்தது பிறேக் லைற் சுவிட்ச். இதைக் கவனியுங்கள்: இந்த வானில் அந்தச் சுவிட்ச் பூட்டும்போது தன்னைத் தானே ஒரே ஒரு முறைதான் சரிசெய்துகொள்ளும். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். பழையதையே செருகினால் பிறேக் லைற் எரியாமலோ, விடாமல் எரிந்தபடியோ நிற்கலாம். பிறேக் பூஸ்ரரின் தண்டைப் பெடலோடு பிடித்திருக்கும் சின்னக் கிளிப்பும் அப்படித்தான். கழற்றியதை எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். சில டொலரில் முடிகிற இந்த இரண்டு சாமானையும் கோரோடு சேர்த்தே வாங்கி வையுங்கள்.

அதற்குப் பிறகு வேலை சுகம். கோரின் முன்னால் உள்ள மூடிக்கு இரண்டு ஸ்குறூ. கீழே பழைய துவாய்களை அடுக்கிவிட்டு, குழாய்களைக் கோரோடு பிடித்திருக்கும் தகட்டின் ஒற்றை ஸ்குறூவைக் கழற்றினோம். மிச்சத் திரவம் கையெல்லாம் வழிந்தது. குழாய்களை எஞ்சின் பக்கம் தள்ளி, ஒருவர் பிறேக் பெடலைக் கீழே அமத்த, ஒருவர் அக்சிலறேற்றர் பெடலை மேலே தூக்க, சின்னத் தம்பி தலைகீழாகப் படுத்துக் கிடந்து கோரை உருவி எடுத்தான். வெளியே வந்ததைப் பார்த்தோம். ஒரு மூலையில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்ததுபோல அரிப்பு. கவிழ்த்துத் தட்டியபோது மண்ணிறத்தில் குறுணிக் குறுணியாக ஏதோ கொட்டியது. அடைக்கும் மருந்து! நாங்கள் அதை ஊற்றவில்லை. எங்களுக்கு விற்றவர் ஊற்றியிருக்கிறார். மாமா அந்தக் குறுணியை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, விற்றுவிடுவோம் என்று வாதாடியவரைப் பார்த்தார். அவர் ஒன்றும் பேசாமல் புதிய கோரின் பெட்டியைப் பிரித்தார்.

பழைய ஓ-றிங்குகளைச் சுரண்டி எறிந்து, புதியவற்றில் சுத்தமான கூலன்ற்றைத் தடவிப் போட்டோம். காய்ந்தபடி செருகினால் றப்பர் மடிந்து, அடுத்த நாளே ஒழுகும். அந்த ஒற்றை ஸ்குறூவை வெறிகொண்டு இறுக்கக் கூடாது, அலுமினியம் பொறுக்காது.

திரவத்தை நிரப்புவதிலும் எம்மவர்கள் தவறு விடுகிறார்கள். நாங்கள் குழாய்த் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னோம். தண்ணீர் பூச்சியத்தில் உறைந்து, விரிந்து, எஞ்சினையே வெடிக்க வைக்கும். அப்படியானால் தண்ணீரே கலக்காமல் தனி அன்ரிபிறீஸ் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. தனிக் கிளைக்கோல் −13 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ −37 வரை தாங்கும். தண்ணீர் வடித்த தண்ணீராக இருக்கட்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை விற்கிறார்கள். எங்கள் வானுக்கு எச்.ஓ.ஏ.ரி. என்னும் வகை என்று கைநூலில் எழுதியிருக்கிறது, ஐந்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் கணக்கு. வேறு வகையோடு கலந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்தின் ஆயுள் குறையும். நிரப்பியபின் தொப்பியைத் திறந்தபடியே, ஹீற்றரை முழுச்சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டோம். குமிழி வந்து காற்று வெளியேறும், அளவு இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். தகரச் சுவருக்கு அருகே இரண்டு ஹோஸ்களும் ஒரே மாதிரிச் சுட்டபோது வேலை சரி என்று தெரிந்தது. ஒன்று சுட்டு ஒன்று குளிர்ந்திருந்தால் உள்ளே காற்றோ அடைப்போ இருக்கிறது. மறுபடியும் 15 பி.எஸ்.ஐ. அடித்துத் தேநீர் குடித்தோம். முள் நின்ற இடத்தில் நின்றது.

கோர் மாற்றியதோடு மணம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். விரிப்பின் அடியில் உள்ள தடித்த பஞ்சு கடற்பாசிபோலக் குடித்து வைத்திருக்கும். விரிப்பைத் தூக்கி, இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் விட்டு உறிஞ்சி எடுத்து, மறுபடி கழுவி, விசிறி வைத்து மூன்று நாள் காயவிட்டோம். கண்ணாடியின் படலத்துக்கு ஐந்து தரம் துடைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நாளும் பிள்ளைகளை வானுக்குக் கிட்ட விடவில்லை.

கழித்த கூலன்ற்றை என்ன செய்வது? தெருக் கானுக்குள்ளோ புல்லிலோ ஊற்றக் கூடாது. பூனையும் நாயும் இனிப்புக்கு நக்கிச் செத்துப்போகும். மூடியுள்ள கலனில் அடைத்து, மேலே என்ன சாமான் என்று எழுதி, ரொறன்ரோ நகரசபையின் கழிவு ஒப்படைக்கும் நிலையத்தில் கொடுத்தோம். வீட்டு ஆபத்துக் கழிவுகளை அங்கே வாங்கிக்கொள்கிறார்கள்.

கோர், கூலன்ற், சுவிட்ச், கிளிப், பரிசோதித்த மெக்கானிக்கின் கூலி எல்லாம் சேர்த்து 310 டொலர் ஆனது. நால்வரும் பங்கு போட்டோம். மாசி நடுப்பகுதியில் அந்தக் குடும்பம் வந்தது. பேசிய 2,200க்கு மேல் ஒரு டொலரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எங்களில் ஒருவர் சொல்லத்தான் செய்தார். பற்றுச்சீட்டுகளையும், பிளாஸ்ரிக் பையில் கட்டிய பழைய கோரையும் அவர்களிடம் கொடுத்தோம். தகப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சின்னச் சாமானோ அண்ணை?" என்றார். மூத்த பிள்ளை அதை வாங்கி மணந்து பார்க்கப் போக, தாய் தட்டிப் பறித்து வானின் பின்னால் போட்டா. அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசலில் அந்த வான் வந்து நின்றபோது நாங்கள் மூன்று பேர் அங்கே நின்றோம். மூன்று பேரும் முதலில் பார்த்தது முன்கண்ணாடியைத்தான்.

பற்றறி பற்றி அடுத்த இதழில்.